பாராமெடிக்கல் படிப்பா? வேலையிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்!

கூகுளில் ‘பாராமெடிக்கல் கோர்ஸ்’ என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். திரை நிறையத் தகவல் வந்து கொட்டும். ‘100 சதவீதம் வேலை உறுதி’, ‘பத்தாம் வகுப்பு ஃபெயிலா? கவலை வேண்டாம்’, ‘இன்றே சேர்ந்தால் கட்டணச் சலுகை’ என்று வரிசையாக நிற்கும். ஏதாவது ஒரு கட்டத்தில் உங்கள் செல்போன் நம்பரைப் போட்டுவிட்டால் போதும், ஒரு வாரத்துக்கு விதவிதமான ஊர்களிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும்.

ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் சமயங்களில் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “டாக்டர் சீட்டுக்கு மார்க் போதாது. ஆஸ்பத்திரி சம்பந்தமாக வேறு என்ன படிக்க வைக்கலாம்? நெட்டில் பார்த்துச் சொல்லுங்களேன்.” இப்படிப் பல பேருக்குத் தேடிக் கொடுத்ததில் ஒரு வழிமுறை பழகிவிட்டது. அதைத்தான் இங்கே தருகிறேன். கம்ப்யூட்டரில் பெரிய திறமை எதுவும் தேவையில்லை. ஒரு பிரவுசர், ஒரு பி.டி.எஃப். ரீடர், இரண்டு மாலை நேரங்கள். அவ்வளவுதான்.

வழிமுறையின் சாரம் இது: விளம்பரங்கள் கல்லூரியைக் காட்டி, பிறகு படிப்பைக் காட்டி, கடைசியில் வேலை கிடைக்கும் என்று சொல்லும். நாம் தலைகீழாகப் போக வேண்டும். முதலில் வேலை. அடுத்து, அந்த வேலையைச் செய்ய யாரிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது. அதற்கு அடுத்துதான் படிப்பு. கல்லூரி கடைசி.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? எனக்குத் தெரிந்த ஒரு பெண் ‘அரசு பதிவு பெற்றது’ என்று போர்டு வைத்திருந்த ஒரு தனியார் நிலையத்தில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தார். கட்டணத்துக்காக அவருடைய அம்மா நகையை அடகு வைத்தார். படித்து முடித்து ஒரு சிறிய லேபில் வேலையும் கிடைத்தது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க அவர் என் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவருடைய சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகமும் எந்த அரசு இயக்குநரகமும் கொடுக்கவில்லை. அந்த நிலையத்தை நடத்தும் டிரஸ்ட் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டிருந்தது. ‘அரசு பதிவு’ என்று அவர்கள் சொன்னது அதைத்தான். டிரஸ்டைப் பதிவு செய்வது வேறு, படிப்புக்கு அங்கீகாரம் வாங்குவது வேறு. ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் அப்படித்தான். அது நிர்வாக முறைக்குத் தரப்படுவது, படிப்புக்கான அங்கீகாரம் அல்ல. அந்தப் பெண் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

முதல் படி: என்னென்ன வேலைகள் இருக்கின்றன?

டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் மூன்றும் எல்லோருக்கும் தெரியும். இதய ஆபரேஷன் நடக்கும்போது ஹார்ட்-லங் மெஷினை இயக்குபவர் பெர்ஃப்யூஷனிஸ்ட் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கண்ணுக்குப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட், செயற்கைக் கால் பொருத்தும் பிராஸ்தெடிஸ்ட், டயாலிசிஸ் டெக்னாலஜிஸ்ட், மெடிக்கல் ரெக்கார்டுகளைப் பராமரிப்பவர் என்று பட்டியல் நீளும்.

இந்தப் பட்டியலின் பெரும்பகுதி ஒரே இடத்தில் கிடைக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டத்தின் அட்டவணைதான் அது. லேப், பிசியோதெரபி, ஊட்டச்சத்து, கண் மருத்துவத் துணைப் பணிகள், எக்ஸ்-ரே மற்றும் ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா, ஹெல்த் இன்ஃபர்மேஷன் என்று 10 பிரிவுகளில் வேலைகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். ‘அலைடு அண்ட் ஹெல்த்கேர் ப்ரொஃபஷன்ஸ் ஆக்ட் 2021’ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால் பி.டி.எஃப். கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் அட்டவணை இருக்கிறது. அதை மட்டும் பிரின்ட் எடுத்து பிள்ளைகளிடம் கொடுங்கள். பிடித்ததை டிக் செய்யட்டும்.

டிக் செய்த ஐந்தாறு வேலைகளில் தினமும் என்ன செய்ய வேண்டும் என்று அடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இரண்டு வெளிநாட்டுத் தளங்கள் மிக நன்றாக இருக்கின்றன. ஒன்று, இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். நடத்தும் ‘ஹெல்த் கரியர்ஸ்’. இதில் 350-க்கும் மேற்பட்ட வேலைகளைப் பற்றி எளிய ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் ‘ஆக்குபேஷனல் அவுட்லுக் ஹேண்ட்புக்’. எந்த வேலையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், எதில் இரவு ஷிஃப்ட் உண்டு, எதில் நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டும் என்பதெல்லாம் இவற்றில் இருக்கும். ஆங்கிலம் சிரமமாக இருந்தால் குரோம் பிரவுசரில் பக்கத்தின் மேல் ரைட் க்ளிக் செய்து தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லலாம். மொழிபெயர்ப்பு அங்கங்கே தடுமாறினாலும் விஷயம் புரிந்துவிடும்.

இந்தத் தளங்களில் வேலையின் தன்மையை மட்டும் பாருங்கள். சம்பளத்தையும் கல்வித் தகுதியையும் பார்க்க வேண்டாம். அந்த டாலரை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டால் கனவுதான் மிஞ்சும்.

நம் நாட்டு நிலவரத்துக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2015-ல் தொடங்கிய ‘நேஷனல் கரியர் சர்வீஸ்’ தளம் இருக்கிறது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் தளத்திலும் மாணவர்களுக்கான வழிகாட்டுதல் உண்டு.

இரண்டாம் படி: யாரிடம் பதிவு?

நோயாளியின் உடலோடு சம்பந்தப்பட்ட பல வேலைகளுக்குச் சான்றிதழ் மட்டும் போதாது. ஒரு கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பிள்ளை விரும்பும் வேலைக்கு எந்தக் கவுன்சில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நர்சிங்குக்கு தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில். அகில இந்திய அளவில் இந்தியன் நர்சிங் கவுன்சில். அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் அமைப்பதற்கான சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. ஆகவே இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள். இந்தியன் நர்சிங் கவுன்சில் தளத்தில் எந்த மாநிலத்தில் எந்தக் கல்லூரிக்கு எத்தனை இடங்கள் என்று பட்டியல் உண்டு.

மருந்தியலுக்கு ஃபார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா. இதன் தளத்தில் டி.ஃபார்ம்., பி.ஃபார்ம்., ஃபார்ம்.டி. ஒவ்வொன்றுக்கும் அனுமதி பெற்ற கல்லூரிகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம். டி.ஃபார்ம். முடித்தவர்கள் பதிவு செய்வதற்கு முன் ஒரு வெளியேறும் தேர்வு எழுத வேண்டும் என்று 2022-ல் விதிமுறை வெளியிட்டார்கள். பல விளம்பரங்கள் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை.

காது, பேச்சு சம்பந்தப்பட்ட படிப்புகள், செயற்கை உறுப்பு பொருத்தும் படிப்பு ஆகியவற்றுக்கு ரீஹேபிலிட்டேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா. மற்ற பெரும்பாலான துணைப் படிப்புகளுக்கு மேலே சொன்ன 2021-ம் வருடச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையம். மாநிலங்களும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது.

இந்தச் சட்டத்தில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. ‘அலைடு ஹெல்த் ப்ரொஃபஷனல்’ என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய படிப்பு இரண்டு முதல் நான்கு வருடங்களில் குறைந்தது 2000 மணி நேரம் இருக்க வேண்டும். ‘ஹெல்த்கேர் ப்ரொஃபஷனல்’ என்றால் மூன்று முதல் ஆறு வருடங்களில் குறைந்தது 3600 மணி நேரம். அப்படியானால் ஆறு மாதத்தில் முடியும் கோர்ஸ் எங்கே நிற்கிறது? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வேலை அறிவிப்பைப் படியுங்கள்

வேலை அறிவிப்பைப் படிப்பை முடித்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை! சேருவதற்கு முன்பே பாருங்கள்.

தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்க 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டது. சுருக்கமாக எம்.ஆர்.பி. அதன் தளத்தில் பழைய அறிவிப்புகளும் கிடைக்கும். லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், டார்க் ரூம் அசிஸ்டென்ட் என்று பதவிவாரியாகத் தேடுங்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் கல்வித் தகுதி என்று ஒரு பகுதி இருக்கும். எந்தப் படிப்பு, எந்த வகை நிறுவனத்தில் படித்தது, எந்தக் கவுன்சிலில் பதிவு என்று தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே காப்பி செய்து ஒரு ஃபைலில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் விசாரிக்கப் போகும்போது அந்தக் காகிதத்தைக் காட்டி, “இந்தத் தகுதி உங்கள் படிப்பில் கிடைக்குமா?” என்று கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தனியார் மருத்துவமனைகளின் அறிவிப்புகளையும் பார்க்கலாம். பெரிய மருத்துவமனைகள் தங்கள் தளத்தில் ‘கரியர்ஸ்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கும். நான்கைந்து அறிவிப்புகளைப் படித்தாலே எந்தப் படிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது பிடிபட்டுவிடும்.

நான்காம் படி: படிப்பும் கல்லூரியும்

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., பிசியோதெரபி, ஆப்டோமெட்ரி உள்ளிட்ட பட்டப்படிப்புகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களை மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் தேர்வுக் குழு கவுன்சிலிங் மூலம் நிரப்புகிறது. அந்தக் குழு ஒவ்வொரு ஆண்டும் வெளியிடும் தகவல் தொகுப்பேட்டைக் கட்டாயம் டவுன்லோடு செய்யுங்கள். என்னென்ன படிப்புகள், எந்தெந்தக் கல்லூரிகள், தகுதி, கட்டணம், இட ஒதுக்கீடு எல்லாம் அதில் இருக்கும். இதைவிடச் சிறந்த இலவசப் புத்தகம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டின் தொகுப்பேடுதானா என்று மட்டும் சரிபாருங்கள். நுழைவுத் தேர்வு, மதிப்பெண் விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சென்ற வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் சொன்னது இந்த வருடம் செல்லாமல் போகலாம்.

கல்லூரியின் பெயரைச் சரிபார்க்க கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குப் போங்கள். இணைப்புக் கல்லூரிகளின் பட்டியல் படிப்புவாரியாகக் கிடைக்கும். கல்லூரிக்கு இணைப்பு இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் சேரப்போகும் அதே படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நர்சிங்குக்கு இணைப்பு வாங்கிய ஒரு நிறுவனம் அதே கட்டிடத்தில் வேறு சில படிப்புகளையும் நடத்தலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியல் யு.ஜி.சி. தளத்தில் இருக்கிறது. அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

‘வீட்டிலிருந்தே படிக்கலாம்’ என்ற விளம்பரங்களுக்கும் ஒரு பதில் உண்டு. உளவியல், ஊட்டச்சத்து உள்பட 2021-ம் வருடச் சட்டத்துக்குள் வரும் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025-ல் யு.ஜி.சி. அறிவித்தது.

சயன்ஸ் குரூப் எடுக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். இந்தியன் நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு சயன்ஸ் குரூப் கட்டாயமில்லை. பி.ஃபார்ம். படிப்பில் பயாலஜிக்குப் பதில் கணிதம் படித்தவர்களும் சேரலாம். இதெல்லாம் கவுன்சில் தளங்களின் விதிமுறைப் பக்கங்களில் இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

தேடலைக் கூர்மையாக்க சில டிப்ஸ்

* கூகுளில் முதலில் வரும் முடிவுகளில் ‘ஸ்பான்சர்டு’ என்று இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். தாண்டிப் போங்கள்.

* அரசுத் தளங்களில் மட்டும் தேட, தேடும் சொல்லுக்குப் பின் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று எழுதி, கோலன் குறி போட்டு, இடைவெளி விடாமல் ‘கவ் டாட் இன்’ என்று சேருங்கள். அதேபோல் ‘ஃபைல்டைப்’, கோலன், ‘பி.டி.எஃப்.’ என்று கொடுத்தால் தொகுப்பேடுகளும் அறிவிப்புகளும் மட்டும் வரும்.

* ‘கவ் டாட் இன்’ முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. ‘ஏசி டாட் இன்’ கல்வி நிறுவனங்களுக்கு. ‘டாட் காம்’, ‘டாட் நெட்’, ‘டாட் ஓஆர்ஜி’ யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் சில அரசுக் குழுக்களும் இப்படிப்பட்ட முகவரிகளைப் பயன்படுத்தியிருக்கின்றன. அதனால் சந்தேகம் வந்தால் தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைத் தளத்துக்குப் போய், அங்கே உள்ள லிங்க் வழியாக உள்ளே நுழையுங்கள்.

* கல்லூரி தன் தளத்தில் போட்டிருக்கும் அங்கீகாரக் கடிதத்தின் ஸ்கேன் காப்பியை நம்பி நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டுக்கான கடிதம் என்று பாருங்கள். பிறகு கவுன்சிலின் பட்டியலில் அதே பெயரைத் தேடுங்கள். பெயரில் ஒரு சொல் மாறினாலும் வேறு நிறுவனமாக இருக்கலாம்.

* இப்போது பலரும் ஏ.ஐ. சாட்பாட்டிடம் கேட்கிறார்கள். ‘காது கேட்கும் சோதனை செய்பவருக்கு என்ன பெயர், என்ன படிக்க வேண்டும்’ என்று தொடக்கத்தில் கேட்க அது வசதிதான். ஆனால் கல்லூரிப் பெயர், கட்டணம், கடைசித் தேதி ஆகியவற்றை அது தப்பாகவும் தைரியமாகச் சொல்லும். அதனிடம் சொற்களை வாங்கிக்கொள்ளுங்கள். தகவலைக் கவுன்சில் தளத்தில் சரிபாருங்கள்.

மெடிக்கல் கோடிங் பற்றி

கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகளை ஈர்ப்பது இந்த வேலை. நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை இன்சூரன்ஸ் கணக்குக்காகக் குறியீடுகளாக மாற்றுவது. அமெரிக்கா 2015 அக்டோபர் 1 முதல் ஐ.சி.டி.-10 குறியீடுகளுக்கு மாறியது. அந்த நாட்டு மருத்துவமனைகளுக்காக இங்கிருந்தே வேலை செய்கிறார்கள். இதில் பெரிதாகப் பேசப்படும் சி.பி.சி. சான்றிதழை வழங்குவது அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. அமைப்பு. பயிற்சி நிலையம் கொடுக்கும் சான்றிதழ் அது அல்ல. தேர்வில் பாஸ் செய்தாலும் போதிய அனுபவம் இல்லாதவர்களின் சான்றிதழில் பயிற்சி நிலை என்று குறிக்க ‘ஏ’ என்ற எழுத்து சேர்ந்திருக்கும். சேர்வதற்கு முன் ஏ.ஏ.பி.சி. தளத்தில் தேர்வுக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, பயிற்சி நிலையம் கேட்கும் பணத்தில் அது அடங்குமா என்று கேளுங்கள்.

பணம்

கல்விக் கடனுக்கு ‘வித்யாலட்சுமி’ தளத்தில் விண்ணப்பிக்கலாம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. படிப்பையும் கல்லூரியையும் சொல்லி, கடன் கிடைக்குமா என்று உங்கள் வங்கியில் முதலிலேயே கேளுங்கள். வங்கி அங்கீகாரத்தைத்தான் முதலில் பார்க்கும். ‘இந்தக் கல்லூரிக்குக் கடன் இல்லை’ என்று சொன்னால் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. இரண்டின் விதிமுறைகளையும் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில்

தேடியதெல்லாம் பத்து நாளில் மறந்துவிடும். எக்ஸெலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் கால்க்கிலோ ஒரு ஷீட் திறந்து எட்டு காலம் போடுங்கள்: வேலை, பதிவு செய்யும் கவுன்சில், வேலை அறிவிப்பு கேட்கும் தகுதி, படிப்பு, எத்தனை வருடம், கல்லூரி, மொத்தக் கட்டணம், சரிபார்த்த தளமும் தேதியும். டவுன்லோடு செய்த பி.டி.எஃப்.களை ஒரே ஃபோல்டரில், பெயரோடு ஆண்டையும் சேர்த்து சேமியுங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது பழைய ஃபைல்கள் காணாமல் போவது உண்டு.

எட்டு காலமும் நிரம்பிய வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது காலம் காலியாக இருக்கும் வரிக்கு, அது எவ்வளவு கவர்ச்சியான படிப்பாக இருந்தாலும், அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். கடைசியாக, தேர்ந்தெடுத்த வேலையைச் செய்யும் ஒருவரை உங்கள் ஊர் மருத்துவமனையில் நேரில் சந்தித்து அரை மணி நேரம் பேச வையுங்கள். அவர் எங்கே படித்தார், எங்கே பதிவு செய்தார் என்று கேட்டு, ஷீட்டில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.